தொண்ணூறு போட்ட கணக்கு

கொடைக்கானல் மேல்மலையில் இதுவரை பிறந்தவர்களிலேயே, "எப்ப போய்ச் சேருவோம்?" என்ற கேள்விக்குப் பொய் சொல்லாத ஒரே டிரைவர் தொண்ணூறுதான். மற்றவர்களிடம் கேட்டால், "இந்தா, இன்னும் ரெண்டு வளைவு" என்பார்கள். அந்த இரண்டு வளைவுக்குள் நீங்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, ஒரு தடவை வாந்தியும் எடுத்துவிடலாம். தொண்ணூறிடம் கேட்டால் உண்மை மட்டுமே வரும். என்ன, அதைப் புரிந்துகொள்ள நீங்கள் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்.

"பழனிக்கு எவ்வளவு நேரம் ஆகும்ணே?"

"நூறு தடவ போனா, தொண்ணூறு தடவ ஆறு மணி பத்து நிமிசத்துக்குள்ள போயிரலாங்க."

"மிச்சம் பத்து தடவ?"

"அத பழனியாண்டவருதான் பாத்துக்கணும்."

நான் அவருடைய ஜீப்பில் ஏறிய முதல் நாள் நடந்த பேச்சு இது. நான் பழனிக்காரி. கிளாவரைக்குப் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு மேல்மலை ஊரில் அரசுப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராகப் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் தொண்ணூறின் ஜீப் பழனிக்கு இறங்கும். பின்னால் கேரட், பூண்டு, முன்னால் மனிதர்கள், இரண்டுக்கும் நடுவில் யாருடையது என்று தெரியாத ஒரு கோழி. அதில்தான் வாராவாரம் என் வீட்டுக்குப் போய் வந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் ஜீப் கதவில் மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் பொண்டாட்டி செல்வி அக்காவே, "இந்தத் தொண்ணூறுக்கு வாக்கப்பட்டு நான் படுற பாடு" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. பெயின்டர் இடத்தைத் தப்பாக அளந்துவிட்டார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

தொண்ணூறிடம் ஒரு நோட்டு உண்டு. டாஷ்போர்டில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருக்கும். ஒவ்வொரு தடவை பழனி போய்ச் சேர்ந்ததும் வண்டியை நிறுத்தி, அதை எடுத்து, ஒரு கோடு போட்டுவிட்டுப் பூட்டிவிடுவார். நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், அஞ்சாவது கோடு அதன் குறுக்கே படுக்கும். மூன்று மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் ஒரு பிரிவு. நாலிலிருந்து அஞ்சு அடுத்த பிரிவு. அஞ்சு ஆறு, ஆறு ஏழு. அவ்வளவுதான் நோட்டு.

"இன்னைக்கு நாலு மணி பத்து நிமிஷம் ஆச்சுன்னு அப்படியே எழுதி வைக்கலாமேண்ணே?" என்றேன் ஒரு நாள்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "எதுக்கு டீச்சர்? நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. சோலி முடிஞ்சுச்சு. நாலு பத்தா நாலு அம்பதான்னு தோண்டிக்கிட்டே இருந்தா மனுசன் நிம்மதியா இருக்க முடியுமா?"

பத்தாம் வகுப்பில் நிகழ்வெண் பட்டியல் நடத்துகிற எனக்கு, தொகுத்துப் போட்டால் நிம்மதி கிடைக்கும் என்று அதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆனால் அவருக்கே நிம்மதி போன நாள் ஒன்று உண்டு. அன்று பழனி பஸ் ஸ்டாண்டு முனைக்கு வந்தபோது கிளம்பிச் சரியாக அஞ்சு மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொண்ணூறு வாட்சைப் பார்த்தார். முகம் மாறியது. வண்டியை நிறுத்தாமல் அடிவாரத்துப் பக்கம் திருப்பிவிட்டார்.

பின்சீட்டில் இருந்த காதர் பாய் எகிறினார். காதர் பாய் பூண்டு வியாபாரி. தொண்ணூறைவிடப் பத்து வயசு மூத்தவர். அவரில்லாமல் ஒரு சனிக்கிழமைகூட ஜீப் இறங்கியதில்லை. "ஏலே, நான் எறங்கணும்லே! எங்கலே கொண்டு போற?"

"இருங்க பாய். அஞ்சுல நிக்கக் கூடாது."

"யாருலே சொன்னா?"

"நாலு அஞ்சுலயும் சேத்தி இல்ல, அஞ்சு ஆறுலயும் சேத்தின்னு அடிச்சுச் சொல்ல மனசு வரல. ஒரு சுத்து சுத்திட்டு வந்தா தெளிவா அஞ்சு தாண்டிரும்."

ஒன்பது பேர், ஆறு பூண்டு மூட்டை, கோழி, எல்லோரும் மலையடிவாரத்தை ஒரு சுற்று சுற்றினோம். பின்சீட்டில் ஒரு பெரியவர் விஷயம் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அஞ்சு மணி பதினஞ்சு நிமிஷத்தில் தொண்ணூறு வண்டியை நிறுத்தினார், கோடு போட்டார், சிரித்தார்.

அவருக்கு முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றுதான். சராசரி. ஒரு தடவை கீழேயிருந்து சர்வே எடுக்க வந்த ஒரு பேன்ட் சட்டை, ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, "ஆவரேஜா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டது. தொண்ணூறு சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

"சார், இந்த வண்டி ஆவரேஜா போகாது. வேற வண்டி பாத்துக்கங்க."

"மேப்புல நாலு மணி பதினஞ்சு நிமிஷம்னு காட்டுதேங்க."

"மேப்புக்குக் காதர் பாயத் தெரியுமா?"

அந்த மனிதர் காதர் பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் அப்போதுதான் ஏழாவது மூட்டையை ஏற்றுவதா வேண்டாமா என்று மூட்டையோடு பேசிக்கொண்டிருந்தார். மனிதருக்குப் புரிந்துவிட்டது, இறங்கிக்கொண்டார்.

இத்தனை கோபம் எதற்கு என்று செல்வி அக்காதான் ஒரு நாள் என்னிடம் சொன்னார். தொண்ணூறு மதுரையில் தங்கி பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவராம். ஒன்றைத் தவிர எல்லாப் பேப்பரும் பாஸ். லீவுக்கு வந்திருந்தவர் அந்தக் கடைசிப் பேப்பருக்கு ஊரிலிருந்து கிளம்பும்போது யாரோ, "சராசரியா அஞ்சு மணி நேரத்துல மதுரை போயிரலாம்" என்றிருக்கிறார்கள். நம்பிக் கிளம்பினார். ஏழரை மணி நேரம் ஆனது. கேட்டைச் சாத்திவிட்டார்கள். அடுத்த தடவை எழுத வீட்டில் தெம்பு இல்லை. அப்பா விட்டுப்போன ஜீப்பை எடுத்து ஓட்ட ஆரம்பித்தவர்தான்.

"வண்டிக் கதவுல ஒரு சாண் விட்டு வச்சிருக்கே, பாத்தீகளா? பி.எஸ்ஸின்னு எழுதறதுக்கு. இருவத்தஞ்சு வருசமா பேரு ஒத்தையா நிக்குது" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

அதற்கு அடுத்த மாதமே பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. பழைய அரியர் வைத்திருப்பவர்கள் எழுதலாம், இதுவே கடைசி வாய்ப்பு, இனிமேல் கிடையாது. நான் வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஜீப் கண்ணாடியிலேயே ஒட்டினேன். தொண்ணூறு அதை நாலு தடவை படித்தார். அன்றைக்கு ஹாரன் மட்டும் வழக்கத்தைவிட ரொம்ப அடித்தார்.

பணம் கட்டினார். ஹால் டிக்கெட் வந்தது. பரீட்சை மையம் பழனியில் ஒரு கல்லூரி. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பரீட்சை, இரண்டரைக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள்.

"வெள்ளிக்கிழமையே போய் எங்க வீட்டுல தங்கிக்கங்கண்ணே" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்கா? கடைசி வாய்ப்புண்ணே!"

"டீச்சர், ஊருல இத்தன பேரு என் கணக்க நம்பி பஸ்ஸுக்குப் போறாக, ஆஸ்பத்திரிக்குப் போறாக, இன்டர்வியூவுக்குப் போறாக. நானே மொத நாளே ஓடிப்போயிட்டா அப்பறம் எவன் நம்புவான்? இந்த நோட்டுல மட்டும் இருநூறு டிரிப்பு கெடக்கு. கணக்குப் போட்டாச்சு. ஆறு மணி இருபத்தாறு நிமிசம். காலைல ஏழு முப்பத்திநாலுக்குக் கெளம்புறோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. செல்வி அக்காவிடம் போய் முறையிட்டேன். "தோசை எத்தன வேணும்னு கேட்டா நூத்துக்குத் தொண்ணூறு நாளு நாலுங்கிற மனுசன். நான் சொல்லியா கேக்கப் போறாரு?" என்று அக்கா கையை விரித்துவிட்டார்.

சனிக்கிழமை நான் வெள்ளனே எழுந்து ஏழு பத்துக்கே ஜீப்பில் உட்கார்ந்துவிட்டேன். காதர் பாயும் வந்துவிட்டார். மூட்டைகளும் ஏறிவிட்டன. தொண்ணூறும் வந்துவிட்டார், புதுச் சட்டை, நெற்றியில் விபூதி, பாக்கெட்டில் இரண்டு பேனா. வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கெளம்புலே!" என்றார் பாய்.

"இன்னும் இருபத்திநாலு நிமிசம் இருக்கு பாய்."

அந்த இருபத்திநாலு நிமிஷத்தில் நானும் காதர் பாயும் ஒரே அணியாகிவிட்டோம். அதுவரை பாய் மூட்டை என் காலை நசுக்குகிறது என்று வாராவாரம் சண்டை போட்டவள் நான். ஏழு முப்பத்திநாலுக்கு வண்டி கிளம்பியது.

மன்னவனூர் தாண்டியதும் காட்டுமாடு ஒன்று ரோட்டில் நின்றது. இருபது நிமிஷம் நின்றது. கொடைக்கானலுக்குள் சுற்றுலா வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்று நகராமல் நின்றன. எல்லாம் தாண்டி, பெருமாள்மலையில் பழனி ரோட்டுக்குத் திரும்பி, இனி இறக்கம்தான் என்று நான் மூச்சுவிட்டபோது ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்னால் 'பொத்' என்று சத்தம்.

காதர் பாயின் மூட்டை கயிறு அறுந்து விழுந்து வாய் பிளந்திருந்தது. நல்ல மலைப்பூண்டு, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழத் தண்டி. வளைவில் இறங்கி, அடுத்த வளைவை நோக்கி உருண்டு போய்க்கொண்டிருந்தது.

"யா அல்லா!" என்று பாய் குதித்தார். ஆனால் அடுத்த வார்த்தையே, "ஏலே, நீ போலே! பரீச்சைக்கு நேரமாச்சு. நான் பொறுக்கிக்கிட்டு அடுத்த வண்டில வாரேன்" என்றார். பூண்டுக்காகப் பெற்ற மகனோடு பேசாமல் இருந்தவர், அன்றைக்கு அப்படிச் சொன்னார்.

தொண்ணூறு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, அதில் பூண்டைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். "ஒங்கள வழில விட்டுட்டுப் போனா அந்த டிரிப்பு நோட்டுலயே சேராது பாய். நேரம் இருக்கு. பொறுக்குங்க."

நேரம் இருக்காம்! எனக்குப் பொறுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உண்மையிலேயே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று, படிப்பதற்காக அவர் சீட்டில் வெளியே வைத்திருந்த நோட்டை எடுத்துப் பிரித்தேன். நான் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பட்டியல் அழகாக இருந்தது. மூன்று நாலில் இருபத்தொன்பது பயணம். நாலு அஞ்சில் நூற்றெட்டு. அஞ்சு ஆறில் ஐம்பது. ஆறு ஏழில் பதின்மூன்று. மொத்தம் இருநூறு. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் நூற்றெண்பதாவது பயணம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கீழிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் அஞ்சு மணிக்குள் நூற்று முப்பத்தேழு முடிந்துவிடுகிறது. இன்னும் நாற்பத்து மூன்று வேண்டும். அடுத்த பிரிவில் இருப்பதோ ஐம்பது. ஆக, அந்த ஒரு மணி நேரத்தை ஐம்பது பங்காக்கி நாற்பத்து மூன்று பங்கு எடுக்க வேண்டும். 0.86. அஞ்சோடு சேர்த்தால் 5.86. அப்படியே போட்டிருந்தார். என் வகுப்பில் இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டு, பலகையில் எழுதிக் காட்டச் சொல்லியிருப்பேன்.

அடுத்த வரியைப் பார்த்தேன்.

"5.86 = 5 மணி 86 நிமிடம் = 6 மணி 26 நிமிடம்."

நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பஸ் ஸ்டாண்டு போர்டில் 5.45 என்று எழுதியிருந்தால் அஞ்சே முக்கால் என்று படிப்போமே, அதே போல இந்த மனிதர் கால்குலேட்டரையும் படித்திருக்கிறார். மணிக்கு அறுபது நிமிஷம் என்பது புள்ளிக்கு அந்தப் பக்கம் போனதும் மறந்துபோயிருக்கிறது. 5.86 மணி என்றால் அஞ்சு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம்தான்! கணக்குப்படி நாங்கள் எட்டு மணி எட்டு நிமிஷத்துக்குக் கிளம்பியிருக்க வேண்டும். முப்பத்திநாலு நிமிஷம் முன்னாலேயே கிளம்பிவிட்டோம்.

கை தானாகப் பைக்குள் சிவப்புப் பேனாவைத் தேடியது. இருபது வருஷப் பழக்கம். "அண்ணே!" என்று கூப்பிட்டும் விட்டேன்.

அவர் வளைவுக்குக் கீழேயிருந்து நிமிர்ந்தார். வேட்டி மடி நிறையப் பூண்டு. முகத்தில் கொஞ்சம்கூடக் கவலை இல்லை. "பயப்படாதீங்க டீச்சர்! இருநூறு டிரிப்பு கணக்கு. தப்பாது!"

நான் பேனாவை மூடினேன். இரண்டு மணிக்குப் பரீட்சை எழுதப் போகிறவரிடம், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் சொல்லக் கூடிய விஷயமா அது? நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நானும் இறங்கி முந்தானையில் பூண்டு பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தப்பு எந்த நாளும் நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்தே காட்டாது. தொண்ணூறு சொல்லி ஊரில் ஒருவர்கூட பஸ்ஸை விடாததற்குக் காரணம் இதுதானா! மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். அவர் நூற்றுக்குத் தொண்ணூறு என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் தொண்ணூற்றாறு. ஊர் வைத்த பெயரே ஆறு குறைச்சல்.

கடைசிப் பூண்டு கிடைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அதன் பிறகு அவர் ஓட்டிய ஓட்டத்தில் கோழி என் மடிக்கு வந்துவிட்டது. கல்லூரி வாசலில் நின்றபோது மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

தொண்ணூறு இறங்கவில்லை. நோட்டை எடுத்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கோடு, டீச்சர். ஆறு மணி இருபத்திநாலு நிமிசம். ஆறு ஏழுல ஒண்ணு."

"வெரசா உள்ள போங்கண்ணே! நான் போடுறேன்!" நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் கேட்டை அகலமாகத் திறந்தார். காதர் பாய் தொண்ணூறின் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். ஹால் டிக்கெட்டோடு அவர் ஓடினார். ஐம்பதை நெருங்கிய மனிதர், வேட்டியில் பூண்டுத் தோல் பறக்க, பிள்ளைகளுக்கு நடுவில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால், இதே காட்டுமாடு, இதே நெரிசல், இதே பூண்டோடு, நாங்கள் இரண்டு முப்பத்திரண்டுக்கு வந்திருப்போம். கேட் சாத்தி இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஜீப்பின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி என் சொந்த ரிசல்ட் வந்த அன்றுகூட எனக்கு வந்ததில்லை. பாய் டீ வாங்கிக் கொடுத்தார். நான் நோட்டைத் திறந்து, ஆறு ஏழு பிரிவில் ஒரு கோடு போட்டேன்.

அஞ்சு மணிக்குத் தொண்ணூறு வெளியே வந்தார். "ஆறாவது கேள்வி நம்ம கேள்வி டீச்சர்! தொகுத்த பட்டியல், தொண்ணூறாவது பெர்சன்டைல். அறுவத்திரண்டு புள்ளி நாலு."

நான் படியிலிருந்து எழுந்துவிட்டேன். "எதுலண்ணே? மணிலயா?"

"இல்ல, கிலோல. யாரோ இருநூறு பேரோட எடை."

கிலோ! கேள்வித்தாள் எடுத்த புண்ணியவானை நான் இன்றைக்கும் வாழ்த்துகிறேன்.

பாஸ் ஆகிவிட்டார். ஐம்பத்தெட்டு மதிப்பெண். ஜீப் கதவில் அந்த ஒரு சாண் நிரம்பிய அன்று செல்வி அக்கா கேசரி கிண்டினார். பெயின்ட் காய்கிற வரை யாரும் கதவைத் தொடக் கூடாது என்று காதர் பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார்.

எனக்கு மாற்றல் கிடைத்து இப்போது பழனியிலேயே இருக்கிறேன். மேல்மலை ஜனங்கள் இன்னும் தொண்ணூறு சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்டர்வியூவுக்கும் அரை மணி முன்னாலேயே வந்து சேர்ந்து, "இந்த ஆளு ஏன்தான் இம்புட்டு வெள்ளனே கொண்டாந்து விடுறாரோ" என்று திட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் எழுதி, அச்சில் வந்திருக்கும் இந்த வாரப் பத்திரிகையை மட்டும் அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கச் சொல்லி செல்வி அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன். என் வேலையே தப்பைத் திருத்துவதுதான். தெரிந்தே திருத்தாமல் விட்டது அந்த ஒரு வரியை மட்டும்தான்.